ஆக்ட் சிகிச்சை: ‘ஏற்றுக்கொள்’ என்று சொல்ல ஒரு சைக்காலஜிஸ்ட் எதற்கு?

பழைய_சைக்கிள் | மார்ச் 3, இரவு 11.40

இந்தப் பக்கத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 36, ஊர் கோவை. போன ஆடி மாதம் காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறி ரெண்டு ஸ்டாப் தாண்டியிருக்காது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை மரத்துப்போனது, மூச்சு உள்ளே போக மாட்டேன் என்றது. செத்தேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு, எல்லாம் பார்த்தார்கள், எல்லாம் நார்மல். ‘கேஸ் டிரபிள்’ என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் இதற்குப் பேனிக் அட்டாக் என்று பெயர் என்பதே தெரிந்தது.

அதிலிருந்து பஸ் கிடையாது. லிஃப்ட் கிடையாது. தியேட்டரில் ஓரத்து சீட் கிடைக்கவில்லை என்றால் படமும் கிடையாது. கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டு பந்தியில் உட்காராமல் வாசலோடு திரும்பிவிடுவேன். கையில் எப்போதும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அது இல்லாமல் தெருமுனை கடைக்குக்கூடப் போவதில்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அதற்கு ‘அப்பா பாட்டில்’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் ஓரளவு குறைந்தது. கூடவே ஒரு சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சொன்னார். இந்த அம்மா செய்வது ‘ஆக்ட்’ (ACT), ஏற்பு–உறுதி சிகிச்சை. இரண்டு சிட்டிங் போயிருக்கிறேன். முதல் நாளே, “இந்தப் பதற்றம் முழுசாகப் போகவே போகாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எதையெல்லாம் செய்யாமல் விட்டதற்கு வருத்தப்படுவீர்கள்?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதைப் போக்கத்தானே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்? பதற்றத்தை விரட்டுவது நம் வேலை இல்லையாம், அதோடு சண்டை போடுவதை நிறுத்துவதுதான் வேலையாம். ஏற்றுக்கொள்ளணுமாம். அதைச் சொல்ல எங்கள் அம்மாயி போதாதா?

யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? உதவுமா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா?

ராசி_ஸ்டோர்ஸ் | மார்ச் 4, காலை 6.15

வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர், அப்புறம் இருபது நிமிடம் பிராணாயாமம். எனக்கும் இதேதான் இருந்தது, ஒரே மாதத்தில் போய்விட்டது. சைக்காலஜி எல்லாம் காசு பிடுங்குகிற வேலை.

நெய்தல் | மார்ச் 4, காலை 9.50

சீரகத் தண்ணீரோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் எட்டு மாதமாக லிஃப்டில் ஏறாத ஒருவருக்கு அது போதாது.

நான் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்ஃபில் முடித்து வேலை பார்ப்பவள். உங்கள் சைக்காலஜிஸ்ட் யார் என்று எனக்குத் தெரியாது, இது பொதுவான பதில். இந்தச் சிகிச்சையை உருவாக்கியவரே உங்களைப் போல ஒரு கேஸ்தான். ஸ்டீவன் ஹேய்ஸ் அப்போது அமெரிக்காவின் வட கரோலினாவில் இளம் சைக்காலஜி பேராசிரியர். 1978இல் ஒரு துறைக் கூட்டம். மூத்த பேராசிரியர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். இவர் கையைத் தூக்குகிறார், பேச வாய் திறக்கிறார், சத்தம் வரவில்லை. முதல் பேனிக் அட்டாக். அதற்குப் பிறகு அவரும் நீங்கள் செய்ததையே செய்தார். எங்கே வருமோ அங்கே போகாமல் இருப்பது, கதவோரம் உட்காருவது. இரண்டு மூன்று வருடத்தில் அது குறையவில்லை, அவர் நடமாடும் இடம்தான் சுருங்கிப்போனது. ஓட்டமே நோயைத் தின்னக் கொடுத்து வளர்க்கிறது என்று அப்போதுதான் அவருக்குப் பட்டது. அந்த யோசனை 80களில் ஒரு சிகிச்சையாக உருவெடுத்தது. 1999இல் கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் இருவரோடும் சேர்ந்து முதல் புத்தகமாக வெளியிட்டார். பெயரின் மூன்று எழுத்தையும் தனித்தனியாகச் சொல்ல மாட்டார்கள், ‘ஆக்ட்’ என்றுதான் சொல்வார்கள். செய் என்று அர்த்தம் வர வேண்டும் என்பதற்காக.

குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை நமக்குத் தெரியும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் அதைச் சோதனையாகவே செய்தார். அவருக்கு வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் கரடியை நினைக்காதே, நினைத்தால் மணி அடி. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ‘இப்போது நினைக்கலாம்’ என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி இருந்தவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது. நீங்கள் எட்டு மாதமாக ‘நெஞ்சு அடிக்கக் கூடாது’ என்று நெஞ்சைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பாடப்புத்தகத்தில் ஆறு கூறுகள் என்று வரைந்து வைத்திருப்பார்கள். படத்தை விடுங்கள். உள்ளே வருவதற்கு வழிவிடுவது, இந்த நேரத்தில் நடப்பதில் காலூன்றி நிற்பது, தனக்கு எது முக்கியமோ அதை நோக்கி ஒரு சின்ன அடி வைப்பது. அவ்வளவுதான். உங்கள் சைக்காலஜிஸ்ட் கேட்ட அந்தக் கேள்வி மூன்றாவதற்கான வாசல். சுருக்கென்றது என்றீர்களே, ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. என்ன என்று பாருங்கள்.

கண்ணாடி_வளையல் | மார்ச் 4, மதியம் 2.05

ஒரு பெண்ணாக எனக்கு இந்த வார்த்தையே பிடிக்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடம் நான் கேட்டதெல்லாம் ‘ஏத்துக்கோ’தான். அம்மா சொன்னாள், மாமியார் சொன்னார், குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸம்மாகூடச் சொன்னார். கடைசியில் தைரியம் வந்து ஒரு கவுன்சிலரிடம் போனேன். கை வீங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் பாருங்களேன்” என்றார். அவர் ஆக்டா வேறா தெரியாது. இப்போது அதையே இங்கிலீஷில் சிகிச்சை என்று சொன்னால் நான் நம்ப வேண்டுமா?

நெய்தல் | மார்ச் 4, மாலை 6.30

அவர் செய்தது ஆக்ட் இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லை. அதைக் கேட்டுவிட்டும் நீங்கள் இந்த இழையில் எழுதுகிறீர்களே, அதற்கு நன்றி அக்கா.

எதை ஏற்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியை ஏற்க இந்தச் சிகிச்சை சொல்வதில்லை, குறைந்த சம்பளத்தையும் மாமியார் வாயையும்கூட இல்லை. வெளியே இருக்கிறவை எல்லாம் மாற்றுவதற்கு. ஏற்கச் சொல்வது உள்ளே வருகிறதை மட்டும். வீட்டை விட்டு வெளியே வருகிற அன்று கால் நடுங்கும். ‘ஊர் என்ன சொல்லும்’ என்று ஓடும். ‘குழந்தையை அநாதையாக்குகிறாய்’ என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். இதெல்லாம் அடங்கட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். நடுங்குகிற காலோடேயே படி இறங்குவதைத்தான் ஏற்பு என்கிறோம்.

வார்த்தை சிக்கல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தமிழில் ‘ஏற்றுக்கொள்’ என்ற சொல் பொறுத்துக்கொள், தலையெழுத்து, வாயை மூடு என்ற மூன்றோடும் கூட்டு வைத்திருக்கிறது. நான் என் அறையில் அந்தச் சொல்லை எடுப்பதே இல்லை, ‘இடம் கொடுத்துப் பாருங்கள்’ என்பேன்.

கணக்கு_வாத்தியார் | மார்ச் 4, மாலை 7.10

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்றும் தமிழில் இருக்கிறதே மேடம் :)

நெய்தல் | மார்ச் 4, மாலை 7.25

அது ஏற்கெனவே மடத்துக்குள் பாய் விரித்துப் படுத்தாயிற்று சார். இவர்தான் எட்டு மாதமாக வாசலில் கம்போடு நிற்கிறார், உள்ளே போய்ச் சாப்பிடாமல்.

வன்னிக்காற்று | மார்ச் 5, அதிகாலை 4.48

நான் கிளிநொச்சி, இப்போது டொராண்டோ. அந்த அக்கா எழுதினதைப் பார்த்த பிறகு நித்திரை வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2009 மே மாதத்துக்குப் பிறகு எங்கட அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா இன்னும் அவரின்ர சேர்ட்டைத் தோய்த்து, மடித்து வைக்கிறா. எத்தனையோ பேர் வந்து ‘ஏற்றுக்கொள்ளுங்கோ அம்மா’ என்று சொன்னார்கள். அதாவது, செத்துப்போனார் என்று ஒத்துக்கொள் என்பது. ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? யார் எங்களுக்குப் பதில் சொன்னது?

இங்கே ஒரு உளவளத்துணையாளரிடம் போனபோது அவரும் அதையே சொல்லப்போகிறார் என்று கோபத்தோடுதான் போனேன். அவர் அண்ணாவைப் பற்றி எந்த முடிவுக்கும் வரச் சொல்லவில்லை. “தெரியாது என்பது உடம்பில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார். எனக்கு அது தொண்டைக்குக் கீழே, முழு இலந்தைப்பழத்தை விழுங்கின மாதிரி. அதை விழுங்கவும் வேண்டாம், துப்பவும் வேண்டாம், சும்மா இருக்கவிட்டு மூச்சு விடச் சொன்னார். முதல் நாள் அழுதேன், இரண்டாம் நாளும் அழுதேன். இப்போதும் இலந்தைப்பழம் இருக்கிறது. ஆனால் அதோடேயே அம்மாவிடம் போனில் அண்ணாவைப் பற்றிக் கதைக்க முடிகிறது. முந்தி அவரின்ர பெயர் வந்தாலே லைனைக் கட் பண்ணிவிடுவேன். அம்மா தனியே இருந்து கதைத்திருக்கிறா, இவ்வளவு காலமும்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் இதே வழியில் படங்கள் போட்ட ஒரு சின்னக் கைநூலை 2020இல் வெளியிட்டது. அதோடு சேர்ந்த ஐந்து அமர்வுப் பயிற்சியை உகண்டாவில் ரைனோ முகாமில் இருந்த தென் சூடான் அகதிப் பெண்களிடம் சோதித்தார்கள். கிட்டத்தட்ட 700 பேர். டொக்டர்கள் நடத்தவில்லை. ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, பயிற்சி எடுத்த சாதாரண ஆட்கள் இருபது முப்பது பேர் கொண்ட குழுக்களை நடத்தினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வேதனை அந்தப் பயிற்சி இல்லாத மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. அவர்களின் போர் முடியவில்லை, முகாமும் மாறவில்லை. அந்தக் கைநூலில் ஐந்து திறன்கள் இருக்கின்றன, கடைசித் திறனின் பெயரே நெய்தல் சொன்ன ‘இடம் கொடுத்தல்’தான்.

கண்ணாடி_வளையல் | மார்ச் 5, காலை 10.20

தம்பி, உங்கள் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார் | மார்ச் 5, இரவு 9.00

இதற்கு மேல் எண்களைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் ஒருவர் சொல்லியாக வேண்டும். ஆக்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே கொட்டடிக்கிறார்கள். 2015இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 39 சோதனைகளை, 1,821 பேரை எடுத்துப் பார்த்தது. சிகிச்சை இல்லாமல் காத்திருப்பதைவிட, வழக்கமாகக் கொடுப்பதைவிட ஆக்ட் மேல். சரி. ஆனால் ஏற்கெனவே இருக்கும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பார்க்கும் சிகிச்சை) போன்றவற்றோடு வைத்துப் பார்த்தால் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்–யோரான் ஓஸ்ட் 2008இலும் 2014இலும், இந்த ஆய்வுகள் பலவற்றின் தரமே போதாது என்று எழுதினார். ஆக்ட்காரர்கள் அதற்கு மறுப்பு எழுதினார்கள், சண்டை ஓய்ந்தபாடில்லை.

அப்புறம், பலனில் பற்று வைக்காமல் செய், மனதைச் சாட்சியாகப் பார் என்பதெல்லாம் கீதையிலும் விபாசனாவிலும் இல்லாததா? பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிவிட்டு ஆறு கூறு என்கிறார்கள்.

நெய்தல் | மார்ச் 6, காலை 8.40

முதல் பத்தி முழுக்கச் சரி. நல்ல சிபிடி ஆள் கிடைத்தால் அவரிடமே போகலாம், எனக்கு வருத்தம் இல்லை. வித்தியாசம் வேலை செய்யும் விதத்தில். சிபிடி ‘செத்துவிடுவேன் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் என்ன?’ என்று அந்த எண்ணத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கும். ஆக்ட் வழக்கே போடாது. எண்ணம் உண்மையா பொய்யா என்பதை விட்டுவிட்டு, அது சொல்கிறபடி நடந்தால் நீ போக நினைத்த ஊருக்குப் போய்ச் சேர்வாயா என்று மட்டும் கேட்கும். வக்கீல் மாதிரி தனக்குள்ளேயே வாதாடிக் களைத்துப்போனவர்களுக்கு இரண்டாவது சில சமயம் ஒத்துவருகிறது.

கள்ளு மொந்தை விஷயம்: இருக்கட்டுமே. விபாசனாவில் பத்து நாள் மௌனமாக உட்கார முடியாதவர்தான் என்னிடம் வருகிறார்.

ரீங்காரம் | மார்ச் 6, மதியம் 1.15

என் கேஸ் கொஞ்சம் வேறு. ஆறு வருடமாக இடது காதில் இரைச்சல். பகலில் பரவாயில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் தூரத்து ரைஸ் மில் மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். காதுமூக்குத் தொண்டை மருத்துவர்கள் நான்கு பேர், ஸ்கேன், ஆயுர்வேத எண்ணெய், எல்லாம் ஆயிற்று. நிற்காது என்று நான்காமவர்தான் நேராகச் சொன்னார். அன்றைக்கு அவரைக் கொல்லலாம் போல இருந்தது.

இதற்கு ஆக்ட் செய்து பார்த்த ஆய்வுகள் உண்டு. ஸ்வீடனில்தான் நிறைய நடந்திருக்கிறது. 2020இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில் காது இரைச்சலுக்கான குழுச் சிகிச்சைகளில் ஆக்டும் ஒன்று. 2012இல் வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில் 99 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு இணையம் வழியாக சிபிடி, ஒரு பங்குக்கு இணையம் வழியாக ஆக்ட். இரண்டும் ஏறக்குறைய சமமாக உதவின. மூன்றாவது பங்கு சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு ஆன்லைன் விவாதக் குழு. அதாவது நாம் :) அதில்தான் குறைந்த பலன். அதனால் பழைய_சைக்கிள், இங்கே எங்களிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் மூன்றாவது சிட்டிங் போய்விடுங்கள்.

நான் செய்தது ஆக்ட்தான், ஆனால் ஒரு வருடம் தப்பாகச் செய்தேன். அதை மட்டும் சொல்கிறேன். ராத்திரி படுத்துக்கொண்டு ‘இரைச்சலே, உன்னை ஏற்றுக்கொள்கிறேன், வா’ என்பேன். ஐந்து நிமிடம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து, போய்விட்டதா என்று கவனிப்பேன். போயிருக்காது. ‘ஏற்றுக்கொண்டேனே, இன்னும் ஏன் போகவில்லை?’ என்று கோபம் வரும். வட்டிக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிற மாதிரி. விரட்டுவதற்காக ஏற்றுக்கொண்டால் அதுவும் விரட்டல்தான் என்று எனக்கு உறைக்க அவ்வளவு நாள் ஆனது. இப்போது ரைஸ் மில் ஓடுகிறது, நான் பாட்டுக்குப் பேரனுக்குக் கதை சொல்கிறேன். சில ராத்திரி தாங்காது. அன்றைக்கு ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

ஒற்றெழுத்து | மார்ச் 7, இரவு 8.35

சைக்காலஜி எனக்குத் தெரியாது, நான் தமிழாசிரியை. மகளுக்குப் பரீட்சைப் பயம் என்று அழைத்துப் போனபோது இந்த ஆக்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எண்ணத்திலிருந்து தள்ளி நிற்க ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். ‘நான் ஃபெயிலாகிவிடுவேன்’ என்று வந்தால், ‘நான் ஃபெயிலாகிவிடுவேன் என்ற எண்ணம் எனக்கு வருகிறது’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். நல்ல யோசனைதான், ஆனால் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வாயில் நுழைய வேண்டாமா? ரயில் மாதிரி நீளம்.

வீட்டுக்கு வந்ததும் அவளே அதைச் சுருக்கிவிட்டாள். “அம்மா, நான் ஃபெயிலாகிடுவேனாம்.” அவ்வளவுதான். ‘ஆம்’ ஒட்டிவிட்டாள். யாரோ சொன்னதைச் சொல்கிற, சொன்னவனைக் கொஞ்சம் கேலியும் செய்கிற ‘ஆம்’. ‘மழை வருமாம்’, ‘துரைக்குக் கோபமாம்’. சொன்னது உண்மையா என்பதற்கு நான் பொறுப்பில்லை என்று அந்த ஒரு விகுதி ஒதுங்கிக்கொள்ளும். இருபத்தைந்து வருடம் இலக்கணம் நடத்துகிறேன், இப்படி ஒரு உபயோகம் எனக்குத் தோன்றியதில்லை. (‘வரலாம்’, ‘போகலாம்’ என்பதில் வருகிற ஆம் வேறு. வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பழைய_சைக்கிள், உங்கள் முதல் பதிவில் ‘ஏற்றுக்கொள்ளணுமாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்காலஜிஸ்ட் சொன்னதற்கு ஒட்டிய அந்த ‘ஆம்’மை, உங்கள் மனது சொல்வதற்கும் ஒட்டிப் பாருங்களேன்.

உப்புமா_பிரியன் | மார்ச் 8, காலை 7.30

எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். எனக்கு ஓசிடி, அதாவது சுத்தமா சுத்தமா என்று ஒரே எண்ணம் விடாமல் துரத்தும் நோய். எட்டு சிட்டிங், ஒவ்வொரு தடவையும் ஒரு உவமை. எண்ணத்தை ஓடையில் போகும் இலையாகப் பார் என்பார், அப்புறம் சதுரங்கப் பலகை, புதைமணல். எனக்கு எந்த இலையைப் பார்த்தாலும் அது சுத்தமா என்ற கேள்விதான் வந்தது. அப்புறம் வேறு ஒருவரிடம், அழுக்கைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார வைக்கும் சிகிச்சைக்குப் போனேன். கஷ்டம்தான், ஆனால் பிடிபட்டது. ஓசிடிக்கு ஆக்டில் குணமானவர்களும் இருக்கிறார்கள், நான் அதில் சேர்த்தி இல்லை.

பழைய_சைக்கிள் | மார்ச் 19, இரவு 10.55

எல்லோருக்கும் நன்றி. ரீங்காரம் ஐயா சொன்னபடி போனேன், இப்போது நான்கு சிட்டிங் முடிந்தது.

போன வாரம் அந்த அம்மா என்னை ஒரு பஸ்ஸுக்கு டிரைவர் ஆக்கினார். ஏறி உட்காரவே பயப்படுகிறவனை! ‘பஸ் உங்களுடையது. எங்கே போகணும் என்பது உங்கள் முடிவு. பின்னால் கொஞ்சம் ரௌடிப் பயணிகள் ஏறியிருக்கிறார்கள். ஒருவன் “மாரடைப்பு வரப்போகுது” என்கிறான், ஒருத்தி “எல்லாரும் உன்னையே பார்க்கிறாங்க” என்கிறாள். நீங்கள் போக நினைத்த பக்கம் வண்டியைத் திருப்பினால் முன்னால் வந்து கத்துகிறார்கள். அவர்கள் சொல்கிற பக்கம் வண்டியைத் திருப்பினால் அமைதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள். எட்டு மாதமாக ஸ்டீயரிங் யார் கையில்?’ என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வேறு என்னவோ வந்தது. இறக்கிவிட முடியாதா என்றேன். வண்டியை நிறுத்திவிட்டு அவர்களோடு மல்லுக்கட்டினாலும் வண்டி நின்றுதானே போகிறது என்றார்.

இன்னொரு கூத்து. ‘மாரடைப்பு’ என்ற சொல்லை வேகமாக, சத்தமாக, நிறுத்தாமல் முக்கால் நிமிடம் சொல்லச் சொன்னார். முதல் ஐந்தாறு தடவை வியர்த்தது. அப்புறம் மாரடைப்பு மாரடைப்பு மாரடைப்பு மார டைப்பு மார டைப்பு டைப்பு மார டைப்பு என்று ஆகி, நான் பன்னிரண்டாவது படிக்கும்போது போன டைப் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் வந்துவிட்டது. சொல் உதிர்ந்து வெறும் சத்தமாக நின்றது. வெளியே வரும்போது ரிசப்ஷனில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

டீச்சரம்மா, அந்த ‘ஆம்’ என்னிடம் ஒட்டிக்கொண்டது. நேற்று பெட்ரோல் பங்க் வரிசையில் நெஞ்சு அடிக்கத் தொடங்கியதும் ‘இப்போ செத்துடுவேனாம்’ என்றேன், ஹெல்மெட்டுக்குள். அடிப்பது நிற்கவில்லை. ஆனால் வரிசையை விட்டு ஓடவும் இல்லை. டேங்க் ஃபுல்.

நெய்தல் | மார்ச் 20, காலை 9.10

சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் அர்த்தம் உதிர்ந்துவிடும் என்பதை நூறு வருடத்துக்கு முன்னாலேயே டிட்ச்னர் என்ற உளவியலாளர் எழுதி வைத்தார். ஆக்டில் வழக்கமாக ‘பால்’ என்ற சொல்லில்தான் தொடங்குவார்கள். உங்கள் சைக்காலஜிஸ்ட் நேராக மாரடைப்புக்கே போயிருக்கிறார், துணிச்சல்காரி.

கோவில்_தெரு | மார்ச் 21, இரவு 7.45

என் தம்பிக்குக் காதில் ஆட்கள் பேசுவது கேட்கிறது. ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் குரல் முழுசாகப் போகவில்லை. அவனுக்கு இதெல்லாம் சரிப்படுமா, இல்லை சும்மா பயம் பதற்றத்துக்கு மட்டும்தானா?

நெய்தல் | மார்ச் 21, இரவு 10.15

முதலில் ஒன்று: மாத்திரையை நிறுத்தக் கூடாது. இது அதற்குப் பதில் இல்லை, அதோடு சேர்த்து.

2002இல் பாட்ரிஷியா பாக் என்பவரும் ஹேய்ஸும் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். குரல், பிரமை என்று மருத்துவமனையில் சேர்ந்திருந்த 80 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பாதிக்கு அதோடு ஆக்ட், நான்கே நான்கு அமர்வு. அடுத்த நான்கு மாதத்தில் திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தவர்கள் ஆக்ட் பக்கத்தில் பாதிதான். அதைவிட வேடிக்கை, ‘ஆமாம், குரல் கேட்கிறது’ என்று ஒத்துக்கொண்டவர்கள் ஆக்ட் பக்கத்தில்தான் அதிகம். ஆனால் அந்தக் குரல் சொல்வதை நம்புவது குறைந்திருந்தது. கேட்கிறது, கேட்கட்டும், நான் டீ போடப் போகிறேன் என்கிற நிலை. சின்ன ஆய்வுதான், ஒரே ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. தம்பியைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். இதில் பழக்கம் உள்ள ஆளாக இருக்க வேண்டும், புதிதாகப் பயிற்சி எடுத்தவரிடம் விட்டுவிடாதீர்கள்.

மன்ற நடத்துநர் | மார்ச் 22, காலை 8.00

இந்த இழையை வாசிக்கும் யாருக்காவது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால், இங்கே பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம். மருந்துப் பெயர், அளவு பற்றிய பதிவுகள் நீக்கப்படும்.

கண்ணாடி_வளையல் | ஏப்ரல் 2, மாலை 4.10

ஒரு செய்தி. போன வாரம் தனி வீடு பார்த்து வந்துவிட்டேன், மகனோடு. இரண்டு ரூம், தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சாமான் ஏற்றும்போது கால் நடுங்கியது உண்மை. வண்டிக்காரர் “என்னக்கா, காய்ச்சலா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வன்னிக்காற்று | ஏப்ரல் 2, மாலை 5.30

அக்கா, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தண்ணிக்குப் பெரிய பரல் ஒன்று வாங்கி வைக்கட்டாம்.

பழைய_சைக்கிள் | ஏப்ரல் 6, இரவு 11.20

இன்றைக்கு மகளின் பள்ளியில் ஆண்டு விழா. முதல் சிட்டிங்கில் கேட்ட அந்தக் கேள்விக்கு, எதைச் செய்யாமல் விட்டதற்கு வருத்தப்படுவீர்கள் என்பதற்கு, மூன்றாவது சிட்டிங்கில்தான் பதில் சொன்னேன். பள்ளியில் குழந்தைகள் தின விழாவில் அவள் ஆடியதை நான் கேட்டுக்கு வெளியே நின்று பாட்டுச் சத்தமாக மட்டும் கேட்டேன். ‘அப்பா, என்னைப் பார்த்தியா?’ என்றாள். பார்த்தேன் என்று பொய் சொன்னேன்.

இந்தத் தடவை படிப்படியாகப் போனோம். முதல் வாரம் காலியான பஸ்ஸில் ஒரு ஸ்டாப், அடுத்த வாரம் மூன்று ஸ்டாப், அப்புறம் மாலை நேரக் கூட்டத்தில். ஒவ்வொன்றிலும் வந்தது. ஒரு தடவை பாதியில் இறங்கியும்விட்டேன், மறைக்கவில்லை. ‘இறங்கினீர்களா, சரி, நாளைக்கு மறுபடி ஏறுங்கள்’ என்றார், அவ்வளவுதான்.

இன்று மூவரும் பஸ்ஸில்தான் போனோம். நடு வரிசையில், இந்தப் பக்கம் பத்து பேர் அந்தப் பக்கம் பத்து பேர் இருக்க, உட்கார்ந்தேன். இரண்டாவது பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டது. உள்ளங்கை ஈரம், காது அடைப்பு, ‘எல்லாரும் பார்க்கிறாங்களாம்’. கால் இரண்டையும் தரையில் அழுத்திக்கொண்டேன். முன்னால் இருந்த அம்மாவின் தலையில் கனகாம்பரம், அதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது பாட்டுக்கு மகள் வந்தாள். மயில். தோகையில் பாதி, மேடைக்கு வரும் முன்பே கழன்றுவிட்டது, இடது கையால் பிடித்துக்கொண்டே ஆடினாள். பார்த்தேன்.

ரீங்காரம் | ஏப்ரல் 7, காலை 6.05

வாழ்த்துகள் தம்பி. பாட்டில்?

பழைய_சைக்கிள் | ஏப்ரல் 7, காலை 7.40

கொண்டு போனேன் ஐயா, பொய் சொல்வானேன். போகும்போதே மயில் முழுசாகக் குடித்துத் தீர்த்துவிட்டது.